பெரிய இன்ஜெக்டர் மாட்டிய பிறகு இசியுவை மறுபடி ட்யூன் செய்வது: முழு வழிகாட்டி

என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுப் பெரியது மாட்டிய அன்றைக்குப் பலரும் செய்கிற முதல் காரியம், லேப்டாப்பைத் திறந்து விஇ டேபிள் மொத்தத்தையும் செலக்ட் செய்து ஒரே தட்டில் நாற்பது சதவீதம் குறைப்பதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடவும் ஓடும், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம் குளிரான காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஹெட்லைட் போட்டால் ஐடில் தடுமாறும், நின்று கிளம்பும்போது திணறும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டு போடுவார்கள், ஒட்டுக்கு மேல் இன்னோர் ஒட்டு, கடைசியில் நன்றாக இருந்த டேபிள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும்.

விஇ டேபிள் சொல்வது என்ஜின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதை மட்டும். இன்ஜெக்டரை மாற்றியதால் கேம் மாறவில்லை, வால்வு மாறவில்லை, டர்போ மாறவில்லை. என்ஜினின் மூச்சு நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான். அதனால் பழைய டேபிள் சரியாக ட்யூன் செய்யப்பட்டிருந்தால் அதில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, புது இன்ஜெக்டரைப் பற்றிய உண்மையை என்ஜினை நடத்தும் கணினியான இசியுவிடம் சொன்னால் போதும். சொன்ன பிறகும் கலவை சரியாக வரவில்லையா, சொன்னதில் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம், அந்தத் தவறைத் தேடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து எரிபொருளைக் கணக்கிடும் ஸ்பீடு டென்சிட்டி முறையை மனதில் வைத்து எழுதுகிறேன். காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தாலும் இதே நியாயம்தான், சென்சாரின் அளவீட்டு டேபிளைத் தொடாதீர்கள்.

தொடக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சில இசியுக்கள் காற்றின் கணக்கை வைத்துத்தான் லோடை, அதாவது என்ஜினின் சுமையை, தீர்மானிக்கும், அந்த லோடை வைத்துத்தான் இக்னிஷன் டேபிளைப் படிக்கும். எரிபொருளைக் குறைப்பதற்காகக் காற்றைக் குறைத்துக் காட்டினால், என்ஜின் லேசாக ஓடுகிறது என்று அது நம்பிவிடும், ஸ்பார்க்கை முன்னால் தள்ளிவிடும். முழு பூஸ்டில் அது நாக்கிங்கில், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவதில், போய் முடியும். எரிபொருளைத் திருத்தப் போய் பிஸ்டனை உடைத்துக்கொண்ட கதைகளில் பாதி இப்படித் தொடங்கியவைதான்.

மாட்டுவதற்கு முன்

இன்ஜெக்டரோடு வந்த டேட்டா ஷீட்டில் நான்கு விஷயங்களைத் தேடி எடுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை சிசி, அந்த அளவை எந்த அழுத்தத்தில் எடுத்தார்கள், வெவ்வேறு வோல்டேஜில் டெட் டைம் (வால்வு திறப்பதில் வீணாகும் நேரம்) எவ்வளவு, காயிலின் ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம். இவற்றில் இரண்டாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள், நானும் ஒருமுறை தாண்டிப் போனேன். ஷீட்டில் 750 சிசி என்று கொட்டை எழுத்தில் இருந்தது, அப்படியே இசியுவில் போட்டேன். ஐடில் முதல் முழு த்ராட்டில் வரை எல்லா இடத்திலும் என்ஜின் லீனாக, அதாவது பெட்ரோல் போதாமல், ஓடியது. ஒரு நாள் முழுக்க வேக்கம் லீக் தேடி, பம்ப்பைச் சந்தேகப்பட்டு, ஃபில்டரை மாற்றி, கடைசியில் அந்த ஷீட்டை மறுபடி எடுத்தபோதுதான் மூலையில் 4 பார் என்று பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. என் ஃப்யூவல் ரயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில், இருந்ததோ 3 பார்.

இன்ஜெக்டரின் பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். உங்கள் அழுத்தத்தை ஷீட்டில் உள்ள அழுத்தத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, ஷீட்டில் உள்ள சிசியோடு பெருக்குங்கள். 3-ஐ 4-ஆல் வகுத்தால் 0.75, அதன் வர்க்கமூலம் 0.866, 750-ஐ அதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 650 சிசி. நான் நூறு சிசியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. ஷீட்டில் சிசிக்குப் பதிலாக மணிக்கு இத்தனை பவுண்டு என்று இருந்தால் தோராயமாக 10.5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கான சிசி கிடைக்கும்.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே 12 முதல் 16 ஓம் வரை காட்டினால் ஹை இம்பீடன்ஸ், கவலை இல்லை. 2 முதல் 5 ஓம் வரை காட்டினால் லோ இம்பீடன்ஸ், அதை ஓட்டுவதற்கு இசியுவில் பீக் அண்ட் ஹோல்டு டிரைவர் (அதிக கரண்டில் திறந்து, குறைந்த கரண்டில் பிடித்து வைப்பது) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடரில் ரெசிஸ்டர் போட வேண்டும். சாதாரண டிரைவரில் நேராக மாட்டினால் கரண்ட் எல்லை மீறி டிரைவர் எரிந்துபோகும். ரெசிஸ்டர் போட்டால் வால்வு திறக்க இன்னும் கொஞ்சம் நேரமெடுக்கும், ஷீட்டில் உள்ள டெட் டைம் அப்போது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய ட்யூன் ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றும் முன் பழையதோடு ஒரு லாகும், அதாவது இசியு எண்களின் பதிவும், எடுத்து வையுங்கள், ஐடில், நிதான ஓட்டம், முழு த்ராட்டில் மூன்றும் அதில் இருக்கட்டும். பின்னால் ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மாட்டுவது

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி என்ஜினை நிற்கும்வரை ஓடவிட்டு ரயிலின் அழுத்தத்தை இறக்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓரிங் எல்லாம் புதிது, மேலே ஒரு சொட்டு என்ஜின் ஆயில். மாட்டிய பிறகு இன்ஜெக்டரைக் கையால் பிடித்துத் திருகினால் சுழல வேண்டும், சுழலாவிட்டால் ஓரிங் மடங்கியிருக்கிறது. அப்புறம் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்ப்பை மட்டும் மூன்று நான்கு தடவை ஓடவிட்டு, டார்ச் அடித்து, விரலால் தடவி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் இரு முனையையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அழுத்தம்: நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

ரயிலில் ஒரு கேஜ் வையுங்கள், முடிந்தால் சென்சாரே வைத்து இசியுவில் லாக் செய்யுங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் ரெகுலேட்டரில் மேனிஃபோல்டுக்குப் போகும் வேக்கம் ஹோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும், ஒரே எண் போதும். அடிப்படை அழுத்தத்தை அளக்கும்போது அந்த ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்து வைத்து அளக்க வேண்டும்.

ஹோஸ் இல்லாமல், ரயிலிலிருந்து பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாத ரிட்டர்ன்லெஸ் அமைப்பாக இருந்தால் கதை வேறு. ஐடிலில் மேனிஃபோல்டு 35 கிலோபாஸ்கலில் இருக்கும்போது ரயிலில் 3 பார் என்றால் உண்மையான வித்தியாசம் 3.65 பார், பாய்வு பத்து சதவீதம் கூடிவிடும். இசியுவில் அழுத்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கும் அமைப்பு இருந்தால் அதை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பத்து சதவீதம் பழைய விஇ டேபிளுக்குள்ளேயே ஏற்கெனவே புதைந்திருக்கும். அப்படிப் புதைந்திருந்தால் தோண்டாதீர்கள். ஆனால் ரெகுலேட்டரையும் இப்போது சேர்த்து மாற்றியிருந்தால் பழைய டேபிளை நம்ப முடியாது, அதை மட்டும் புதிதாக ட்யூன் செய்யத்தான் வேண்டும்.

இசியுவில் என்ன மாற்றுவது

ஹால்டெக், லிங்க் போன்றவற்றில் இன்ஜெக்டர் ஃப்ளோ என்று ஒரு கட்டம் இருக்கும், திருத்திய சிசியை அதில் போட்டால் முடிந்தது. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்றவற்றில் ரிக்வயர்ட் ஃப்யூவல் என்று மில்லி செகண்டில் ஓர் எண் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, அப்புறம் எந்த எண்ணைப் பார்த்தும் பயம் வராது.

2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 500 சிசி காற்று, சாதாரண வெப்பத்தில் அது சுமார் 0.595 கிராம். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று வகுத்தால் 0.0405 கிராம் பெட்ரோல், கன அளவில் ஏறக்குறைய 0.055 சிசி. 440 சிசி இன்ஜெக்டர் ஒரு மில்லி செகண்டில் 0.00733 சிசி விடும், ஆக 7.5 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். 750 சிசி இன்ஜெக்டருக்கு 4.4 போதும். பழைய எண்ணை 440-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தாலும் இதே விடைதான் வரும்.

கூடவே ட்யூட்டி சைக்கிளையும், அதாவது இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதையும், பார்த்துவிடுங்கள். 7000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்று, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்ற, 17.1 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் போகவிடக்கூடாது என்பது பழக்கமான எல்லை, அப்படியானால் 14.6 மில்லி செகண்ட். பழைய லாகில் இந்த எல்லைக்கு மிகவும் கீழேயே இருந்திருந்தால் பெரிய இன்ஜெக்டர் எதற்கு வாங்கினீர்கள் என்று நான் கேட்பேன். சரி, வாங்கியாயிற்று.

டெட் டைம்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்தவுடனே வால்வு திறந்துவிடாது. காயில் காந்தமாகி, ஊசியைத் தூக்கி, பாய்வு தொடங்கக் கொஞ்ச நேரமாகும். மூடுவதற்கு ஆகும் நேரத்தை அதில் கழித்தால் மிச்சமிருப்பதுதான் டெட் டைம். 14 வோல்ட்டில் பல இன்ஜெக்டர்களுக்கு இது ஒரு மில்லி செகண்டுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும், வோல்டேஜ் இறங்க இறங்க வேகமாகக் கூடும். ரயில் அழுத்தம் கூடினாலும் கூடும், அதனால் ஷீட்டில் உங்கள் அழுத்தத்துக்கான வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் பெரிய இன்ஜெக்டரில் மட்டும் இவ்வளவு தொல்லை? ஐடிலில் பல்ஸ், அதாவது இசியு கரண்ட் கொடுக்கும் நேரம், மொத்தம் 2.2 மில்லி செகண்ட், அதில் டெட் டைம் 1.0 என்றால் உண்மையில் பெட்ரோல் பாய்வது 1.2 மில்லி செகண்ட்தான். டெட் டைமில் 0.2 தவறு என்றால் கலவையில் பதினேழு சதவீதம் தவறு. அதே தவறு முழு த்ராட்டிலில், 10 மில்லி செகண்ட் பாயும்போது, வெறும் இரண்டு சதவீதம். சிறிய இன்ஜெக்டரில் ஐடில் பல்ஸ் நீளமாக இருந்ததால் இந்தத் தவறு கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

எண்களைப் போடும் முன் ஒரு சின்ன வேலை. இசியு காட்டும் பேட்டரி வோல்டேஜையும், மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள், மீட்டரை இன்ஜெக்டருக்குப் போகும் பவர் வயரிலேயே வைத்து. பழைய வயரிங்கில் இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் வருவது சாதாரணம். வயரிங்கைச் சரிசெய்யாமல் டெட் டைமைத் திருத்திப் பயனில்லை.

டேட்டா ஷீட்டே இல்லாத இன்ஜெக்டர் என்றால் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. என்ஜின் நன்றாகச் சூடாகி ஐடிலில் இருக்கும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அடிப்பதை இரண்டு தடவையாக மாற்றுங்கள். சில இசியுக்களில் இதற்கு என்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். டெட் டைம் சரி என்றால் கலவை அசையாது. இரண்டாக்கியதும் கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) மாறினால் நீங்கள் போட்ட எண் அதிகம், லீன் ஆனால் குறைவு. தவறும் இரண்டு தடவை அடிக்கப்படுவதால் வெளியே தெரிந்துவிடுகிறது, அதுதான் சூட்சுமம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பல்ஸ் மிகவும் சிறிதாகிவிட்டால் இன்ஜெக்டர் ஒழுங்கில்லாத பகுதிக்குள் போய்விடும், அப்போது இந்தச் சோதனை பொய் சொல்லும்.

வோல்டேஜ் வாரியாகச் சரிபார்க்க, ஐடிலில் ஹெட்லைட், ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு வோல்டேஜை இறக்கிவிட்டு லாம்டாவைப் பாருங்கள் (1 என்றால் சரியான கலவை, அதற்கு மேல் லீன், கீழே ரிச்). 14-இலிருந்து 12.5-க்கு இறங்கும்போது லீன் பக்கம் நகர்ந்தால் குறைந்த வோல்டேஜ் எண்கள் போதவில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வித்தை மட்டும் வேண்டாம், ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி இசியுவைத் தின்றுவிடும்.

முதல் ஸ்டார்ட்

மில்லி செகண்டில் இருக்கும் எல்லா எண்களையும் தேடிப் பிடியுங்கள், சதவீதத்தில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள். கிராங்கிங் பல்ஸ் (ஸ்டார்ட்டர் சுற்றும்போது), பிரைமிங் பல்ஸ் (அதற்கு முன்), ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட் (த்ராட்டிலை மிதிக்கும்போது கூட்டுவது), இவை மூன்றும் பழைய இசியுக்களில் நேரடியாக மில்லி செகண்டில் இருக்கும். டெட் டைம் சேர்க்காத எண் என்றால் 440-ஐ 750-ஆல் வகுத்து வரும் 0.59-ஆல் பெருக்குங்கள். சேர்த்த எண் என்றால் முதலில் பழைய டெட் டைமைக் கழித்து, பெருக்கி, புது டெட் டைமைக் கூட்டுங்கள். கிராங்கிங்கின்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே போகலாம், ஆகவே டெட் டைம் டேபிளின் அந்தக் கடைசிக் கட்டங்கள் அலங்காரத்துக்கு இருப்பவை அல்ல.

ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை வந்தால் தொடர்ந்து சுற்றாதீர்கள். த்ராட்டிலை முழுக்க மிதித்துச் சுற்றினால் பெரும்பாலான இசியுக்கள் எரிபொருளை நிறுத்திவிடும், சிலிண்டர் காயும். ரொம்ப நேரம் மூழ்கடித்துவிட்டால் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

வைட்பேண்ட் சொல்வதைப் படிப்பது

எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கேஜில் தெரியும் எண்ணும் இசியு லாகில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள், அனலாக் வயரில் கிரவுண்ட் சரியில்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு சொல்லும். எக்ஸாஸ்டில் சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் லீன் என்று பொய் சொல்லும், மிஸ்ஃபயர் ஆனாலும் அப்படியே. சென்சாரைப் பார்த்து இசியு தானே செய்யும் க்ளோஸ்டு லூப் திருத்தத்தை ஆஃப் செய்யுங்கள், அது சேமித்து வைத்த பழைய ட்ரிம்களைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தேடும் தவறை இசியுவே மறைத்துக்கொண்டிருக்கும்.

இனி மூன்று இடங்களில் லாக் எடுங்கள்: சூடான ஐடில், நிலையான வேகத்தில் நிதான ஓட்டம், பிறகு நடுத்தர லோடில் ஓர் இழுப்பு. முதலிலேயே முழு த்ராட்டிலுக்குப் போக வேண்டாம். டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மூடிய பாதையில் ஒருவர் ஓட்ட இன்னொருவர் லேப்டாப் பார்க்க வேண்டும். த்ராட்டிலை விட்டு எரிபொருள் கட் ஆகும் பகுதியை லாகிலிருந்து நீக்குங்கள், அங்கே சென்சார் வெறும் காற்றைத்தான் பார்க்கிறது. அளந்த லாம்டாவை இலக்கு லாம்டாவால் வகுத்தால் எத்தனை மடங்கு எரிபொருள் வேண்டும் என்று வரும். 1.08 இருக்கிறது, 1.00 வேண்டும் என்றால் எட்டு சதவீதம் கூட்ட வேண்டும்.

இந்த எட்டைக் கொண்டுபோய் டேபிளில் கூட்டுவதற்குக் கை பரபரக்கும், பொறுங்கள். மூன்று இடத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று வந்தால் அது ஃப்ளோ எண்ணின் தவறு, 750-ஐ 1.09-ஆல் வகுத்து 688 என்று போடுங்கள், ஒரே அடியில் மூன்றும் சரியாகும். என் 4 பார் கதையில் நடந்தது இந்த வகை.

ஐடிலில் பதினைந்து, ஓட்டத்தில் ஏழு, லோடில் இரண்டு என்று வந்தால்? ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் உண்மையில் பெட்ரோல் பாயும் நேரத்தோடு பெருக்குங்கள். ஐடிலில் 1.2-இல் பதினைந்து சதவீதம் 0.18, ஓட்டத்தில் 2.5-இல் ஏழு சதவீதம் 0.175, லோடில் 10-இல் இரண்டு சதவீதம் 0.2. மூன்றுமே ஏறத்தாழ ஒன்றுதான். சதவீதம் சிதறுகிறது, மில்லி செகண்ட் சிதறவில்லை. டெட் டைமில் 0.18 கூட்டுங்கள், வேலை முடிந்தது.

இரண்டும் கலந்து வந்தால், லோடை வைத்து ஃப்ளோவை முதலில் திருத்துங்கள், பிறகு ஐடிலை வைத்து டெட் டைமை. ஓட்டமும் லோடும் சரியாக இருந்து ஐடில் மட்டும் எதற்கும் அடங்காவிட்டால், பல்ஸ் நேரத்துக்கு ஏற்பப் பெட்ரோல் சீராகக் கூடும் நேர்கோட்டுப் பகுதிக்குக் கீழே பல்ஸ் போய்விட்டிருக்கலாம். அதற்கென்று ஷார்ட் பல்ஸ் திருத்த டேபிள் உங்கள் இசியுவில் இருந்தால், உற்பத்தியாளர் கொடுத்த எண்களைப் போடுங்கள். இந்த மூன்றுக்கும் பிறகு ஓரிரு சதவீதம் மிச்சமிருந்தால், அப்போது விஇ டேபிளைத் தொடலாம், நான் தடுக்கவில்லை.

முழு லோடு

இலக்கு என்ஜினைப் பொறுத்தது. பெட்ரோலில் டர்போ இல்லாத என்ஜினுக்கு லாம்டா 0.86 முதல் 0.90, டர்போவுக்கு 0.78 முதல் 0.82 என்று தொடங்குவது பாதுகாப்பானது. இழுக்கும்போது ரயில் அழுத்தத்தை லாகில் பாருங்கள், ஏனென்றால் பெரிய இன்ஜெக்டர் என்பது பெரிய வாசல் மட்டும்தான், பெட்ரோலைக் கொண்டுவர வேண்டியது பம்ப். மேல் ஆர்பிஎம்மில் வித்தியாசம் 3 பாரிலிருந்து 2.6-க்கு விழுந்தால் ஏழு சதவீதம் லீன். அதை டேபிளில் எரிபொருள் கூட்டி மறைத்தால், இன்னும் அதிகம் கேட்டு இன்னும் அழுத்தம் விழும். பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். பூஸ்டைக் கூட்டுவது, எத்தனாலுக்கு மாறுவது எல்லாம் இன்னொரு நாள், இன்றைக்கு ஒரு மாற்றம் போதும்.

மிச்சமிருப்பவை

ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்டை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள், அடிப்படை சரியில்லாதபோது அதைத் திருத்தினால் இரண்டு தவறும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். த்ராட்டிலைத் தட்டியதும் லீனாகக் குதித்தால் கூட்டுங்கள், ரிச்சாக விழுந்து மெதுவாகத் திரும்பினால் குறையுங்கள். இன்ஜெக்‌ஷன் டைமிங்கை உங்கள் இசியு பல்ஸ் தொடங்கும் கோணத்தில் கேட்கிறதா, முடியும் கோணத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். தொடக்கம் என்றால் பல்ஸ் குட்டையானதால் முடியும் இடம் முன்னால் நகர்ந்திருக்கும், ஐடிலில் சில டிகிரி அப்படியும் இப்படியும் நகர்த்தி என்ஜின் எங்கே அமைதியாகிறது என்று பார்க்கலாம்.

குளிர் ஸ்டார்ட்டுக்குக் குறுக்கு வழி கிடையாது. இரவு முழுக்க நின்ற என்ஜினில் ஒரு நாளைக்கு ஒரு முயற்சிதான் கிடைக்கும். முதலில் கிராங்கிங் எண், அடுத்த நாள் ஸ்டார்ட்டுக்குப் பிந்தைய என்ரிச்மென்ட், அதற்குப் பிறகுதான் வார்ம் அப் டேபிள். ஒரே காலையில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எல்லாம் ஒழுங்கானதும் க்ளோஸ்டு லூப்பைத் திரும்ப ஆன் செய்து, திருத்த எல்லையை முதலில் ஐந்து சதவீதத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு லாகைப் பாருங்கள். திருத்தம் எங்கேயாவது அந்த ஐந்தை முட்டிக்கொண்டே நின்றால், அந்த இடத்தின் பல்ஸ் எத்தனை மில்லி செகண்ட், வோல்டேஜ் எவ்வளவு என்பதைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும்.